கிளிக்கூட்டுக்குப் பெயின்ற் அடிக்குமுன் ஒரு வார்த்தை

நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்திரோல் என்று இந்தப் பக்கத்தில் எழுதிவரும் நாங்கள், இம்முறை பறவைக்கூடு பற்றி எழுத வந்திருக்கிறோம். "டொக்டருக்கு வேறு அலுவல் இல்லையோ?" என்று சிலர் கேட்கக்கூடும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இது பறவையைப் பற்றிய விடயம் மட்டுமல்ல.

அவுஸ்திரேலியாவில் எங்கள் ஆட்களின் வீடுகளில் இப்போது பறவை வளர்ப்பது கூடியிருக்கிறது. பிள்ளைகள் நாய் கேட்பார்கள், அம்மம்மா சம்மதிக்கமாட்டா. கடைசியில் இரண்டு பட்ஜியில் வந்து சமாதானம் ஆகும். பறவை வந்தால் கூடு வேண்டும். புதுக்கூட்டின் விலையைக் கேட்டதும், யாரோ கழித்துவிட்ட பழைய கூடு நினைவுக்கு வரும். "ஒரு தட்டு சான்ட் பேப்பர் போட்டு, ஒரு டின் பெயின்ற் அடித்தால் புதுசு மாதிரி வந்துவிடும்" என்று அப்பப்பா கராஜுக்குள் இறங்குவார். பேரப்பிள்ளை பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கும்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்தக் காலத்துக் கூடு, அதற்கு முன்னர் யார் என்ன பெயின்ற் அடித்தார்கள் என்று தெரியாவிட்டால், அந்தக் கூட்டைச் சுரண்டவும் வேண்டாம், பெயின்ற் அடிக்கவும் வேண்டாம், பாவிக்கவும் வேண்டாம். மிச்சம் பிடிக்கும் காசு அந்த ஆபத்துக்குப் பெறுமதி இல்லை. இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறோம்.

எங்கள் வீட்டுக் கதை

1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது நாங்களும் ஒரு சைக்கிளும் இரண்டு பைகளுமாக வெளிக்கிட்டோம். மருத்துவப் படிப்பு இடையில் நின்று, பிறகு தொடர்ந்து, ஒருவாறு முடிந்தது. அகதிகளாக மெல்பேர்ண் வந்து சேர்ந்தபோது கையில் பட்டம் இருந்தது, தொழில் இல்லை. இந்நாட்டு மருத்துவ சபையின் பரீட்சைக்கு இரவில் படிப்பதும் பகலில் கிடைத்த வேலையைச் செய்வதுமாக அந்த வருடங்கள் போயின.

அப்போது எங்கள் வீட்டில் இருந்த கதிரை, மேசை, புத்தக அலுமாரி எல்லாம் 'ஹாட் றபிஷ்' நாட்களில் தெருவோரப் புல்தரையிலிருந்து தூக்கிவந்தவை. அதில் எங்களுக்கு வெட்கம் இருக்கவில்லை. இன்றும் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, நல்ல பொருளொன்று வீதியில் கிடப்பதைப் பார்க்க மனம் கேட்காது.

2001ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அப்படித்தான் ஒரு பறவைக்கூட்டைத் தூக்கிவந்தோம். உயரமான, வளைந்த கூரை வைத்த அழகான பழங்காலக் கூடு. அங்கங்கே வெள்ளைப் பெயின்ற் உரிந்து, அதன் கீழ் பச்சையும், அதற்கும் கீழ் செம்மஞ்சளுமாகத் தெரிந்தது. வெளியில் குளிர் என்பதால் கராஜ் கதவை மூடிக்கொண்டு ஒரு பின்னேரம் முழுவதும் சான்ட் பேப்பரால் தேய்த்தோம். இரண்டு வயது மகள் நிலத்தில் இருந்து, உதிர்ந்த தூளில் விரலால் கோலம் போட்டு விளையாடினாள். விரல் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தேய்த்து முடித்ததும் தும்புத்தடியால் கூட்டினோம், தூள் புகை மாதிரி எழும்பியது. மிஞ்சிக் கிடந்த பச்சைப் பெயின்றை அடித்து, தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று அடுத்த நாளே பறவையை உள்ளே விட்டோம்.

ஒரு மாதம் போகவில்லை. பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் அடியிலேயே இருந்தது. தடியைப் பிடித்து நிற்கக் காலில் பலம் இல்லை. எச்சம் கடும் பச்சையாகப் போனது. மிருக வைத்தியர் எக்ஸ்றே எடுத்துக் காட்டினார். இரைப்பைக்குள் வெள்ளைப் புள்ளிகளாக உலோகத் துணுக்குகள். பழைய பெயின்றைக் கம்பியோடு சேர்த்துக் கொத்தித் தின்றிருக்கிறது. கூடு எவ்வளவு பழையது என்று கேட்டார். அடுத்ததாக அவர் கேட்ட கேள்வி: "வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

திரும்பி வரும்போது காரில் மனைவி மெதுவாகச் சொன்னா: "இஞ்சாருங்கோ, அந்தத் தூள் முழுக்கப் பிள்ளையின்ர கையிலயும் இருந்ததெல்லே."

அன்றிரவு எங்கள் மேசையில் விரித்துக் கிடந்த பாடப்புத்தகத்தில் ஈய நஞ்சு பற்றிய அத்தியாயத்தை அடிக்கோடிட்டுப் படித்திருந்தோம். பரீட்சையில் கேட்டிருந்தால் முழுப் புள்ளி எடுத்திருப்போம். கராஜில் கண் முன்னால் கிடந்தபோது தெரியவில்லை.

இரண்டு நாளில் பறவை இறந்தது. மகளின் குருதிப் பரிசோதனை முடிவு ஒரு டெசிலீற்றருக்கு 8 மைக்ரோகிராம். அக்காலத்தில் இந்நாட்டில் 10க்குக் கீழ் இருக்கவேண்டும் என்பதே இலக்கு. "எல்லைக்குள் இருக்கிறது" என்றார்கள். கராஜை ஈரத்துணியால் துடைத்து, கூட்டை அப்புறப்படுத்தி, சில மாதங்களில் அளவு இறங்கியதும் நிம்மதியாக மறந்துவிட்டோம். 2015இல் தேசிய சுகாதார மற்றும் மருத்துவ ஆராய்ச்சி சபை புதிய அறிக்கையொன்றை வெளியிட்டது. 5க்கு மேல் இருந்தாலே எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டும் என்றது. அதை வாசித்த அன்று எங்களுக்கு நித்திரை வரவில்லை. மகள் நன்றாகத்தான் வளர்ந்தாள், நன்றாகத்தான் படித்தாள். ஆனாலும் நாங்கள் ஆறுதல் அடைந்த அந்த 8, இன்றைய கணக்கில் ஆறுதல் தரும் இலக்கம் அல்ல.

பறவை ஏன் முதலில் விழுகிறது?

பறவையின் சுவாச அமைப்பு எங்களுடையதைப்போல் அல்ல. அதன் உடலில் வளிப்பைகள் பல இருக்கின்றன. நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். பறப்பதற்குத் தேவையான ஒட்சிசனை எடுக்க ஏற்பட்ட இந்த வசதியே, காற்றில் நஞ்சு இருந்தால் அதையும் விரைவாக உடலுக்குள் கொண்டுபோய்விடுகிறது. உடலோ மிகச் சிறியது. இதனால்தான் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை அறியக் கனேரிக் குருவிகளை 1986வரை வைத்திருந்தார்கள்.

இந்நாட்டிலேயே இதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. மேற்கு அவுஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் என்ற துறைமுக நகரில் 2006 டிசம்பர் தொடக்கம் அடுத்த சில மாதங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்து விழுந்தன. துறைமுகம் வழியாக ஏற்றுமதியான ஈயக் காபனேற்றின் தூசியே காரணம் என்று தெரியவந்தது. அதன் பிறகே ஊர் மக்களின் குருதியைச் சோதித்தார்கள். சில பிள்ளைகளிடமும் ஈயம் கூடுதலாக இருந்தது. பறவைகள் விழுந்திராவிட்டால் எவ்வளவு காலம் தெரியாமல் போயிருக்குமோ.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். பறவை போகாவிட்டால் பிள்ளையைச் சோதித்திருக்கமாட்டோம்.

பிள்ளைக்கு என்ன செய்கிறது?

பெயின்றில் இருந்து பிள்ளைகளுக்கு ஈயம் ஏறுகிறது என்பதை உலகில் முதலில் கண்டு சொன்னவர்களில் ஒருவர் இந்நாட்டு வைத்தியர்தான். பிறிஸ்பேனில் கண் வைத்தியராக இருந்த லொக்ஹாட் கிப்சன், வராந்தாக் கைபிடிக் கம்பிகளின் பெயின்ற் வெயிலில் பொடியாகி, பிள்ளைகளின் கையில் ஒட்டி வாய்க்குப் போகிறது என்று 1904இல் எழுதினார். இருந்தும் வீட்டுப் பெயின்றில் ஈயம் உடனே நிற்கவில்லை. 1965க்கு முன் சில பெயின்றுகளில் 50 வீதம்வரை ஈயம் இருந்தது. அவ்வாண்டில் அளவை 1 வீதத்துக்கும், 1992இல் 0.25 வீதத்துக்கும், 1997இல் 0.1 வீதத்துக்கும் குறைத்தார்கள். இரும்பில் கறள் பிடிக்காமல் இருக்க அடியில் பூசிய செம்மஞ்சள் பூச்சில் ஈயம் சேர்ப்பது முன்னர் வழக்கம். எங்கள் கூட்டின் அடியில் தெரிந்த செம்மஞ்சள் அதுவாகவே இருந்திருக்க வேண்டும்.

சிறு பிள்ளையின் குடல், வாய்வழி போகும் ஈயத்தை வளர்ந்தவரைவிட 4 முதல் 5 மடங்கு கூடுதலாக உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும் சொல்கிறது. இரும்புச்சத்தும் கல்சியமும் குறைவாக உள்ள பிள்ளை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். சோறு, பிஸ்கட் தவிர வேறொன்றும் தொடாத பிள்ளைகள் எங்கள் சமூகத்தில் எத்தனை பேர் என்பது தாய்மாருக்குத் தெரியும். உட்போன ஈயம் எலும்பில் பல வருடங்கள் தங்கும். கர்ப்பகாலத்தில் எலும்பிலிருந்து வெளிவந்து சிசுவையும் அடையும்.

இதில் பெரிய சங்கடம், பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. இருந்தாலும் வயிற்றுவலி, மலச்சிக்கல், களைப்பு, எரிச்சல், படிப்பில் கவனக்குறைவு என்று பொதுவானதாகவே இருக்கும். "குழப்படி கூடிவிட்டது" என்று பிள்ளையைத்தான் ஏசுவோம். ஒரு சிறு குருதிப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விடயம் இது. ஆனால் கேட்டால்தான் செய்வார்கள்.

அப்படியென்றால் பெயின்ற் அடிக்கவே கூடாதா?

நீங்களே புதிதாக வாங்கி, சரித்திரம் தெரிந்த கூடென்றால் வேறு கதை. அப்போதும் முதலில் கேட்க வேண்டியது, பெயின்ற் தேவைதானா என்பதுதான். நிறம் மங்கியிருந்தால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவினால் போதும். பறவை நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

பட்ஜி, கொக்கட்டீல், லொறிகீற் போன்ற கிளி இனங்கள் சொண்டால் கம்பியைக் கடித்தே ஏறி இறங்கும். நாம் தூரிகையால் அடிக்கும் எந்தப் பெயின்றும் அந்தச் சொண்டுக்கு நின்றுபிடிக்காது. ஆகவே அவை இருக்கும் கூட்டின் கம்பிகளுக்கு வீட்டில் பெயின்ற் அடிக்கவேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. கட்டாயம் வேண்டுமென்றால், ஈயமும் நாகமும் அற்ற தூளால் பவுடர் கோற்றிங் செய்து தரும் இடத்தில் கொடுங்கள். அடிப்பூச்சிலும் நாகம் இருக்கக்கூடாது என்று கேட்டுச் சொல்லுங்கள். காசு இருந்தால் எவர்சில்வர் கூடு ஒன்றை வாங்குவதே நெடுங்காலத்துக்கு மலிவு.

நாகம் என்றோமே, சிங்க் என்று சொல்வது. நாகமுலாம் பூசிய கம்பிவலையில் கூடு செய்பவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அந்த முலாமைக் கொத்தித் தின்றாலும் பறவைக்கு நஞ்சேறும். வினாகிரி கலந்த தண்ணீரும் கம்பித் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவினால் ஒட்டிக்கிடக்கும் தூளும் துணுக்கும் குறையும். ஆபத்து முற்றாகப் போகாது. மேலே பெயின்ற் அடித்து மூடிவிடலாம் என்று நினைக்கவேண்டாம்.

பின்ச், கனேரி போன்ற கம்பியைக் கடிக்காத பறவைகளின் கூடு, அல்லது கூட்டின் கால்கள், வெளிச்சட்டம் ஆகியவற்றுக்கு அடிப்பதென்றால் இவற்றைக் கவனியுங்கள்:

1. பறவையை வேலை தொடங்குமுன்பே அப்புறப்படுத்துங்கள். அடுத்த அறை போதாது. முடிந்தால் தெரிந்தவர் வீட்டில் விடுங்கள்.

2. வேலையை வெளியில் செய்யுங்கள். மூடிய கராஜ் கூடாது. சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் கிட்ட வரக்கூடாது.

3. காய்ந்தபடி தேய்க்கவேண்டாம், நெருப்பால் சுட்டு உரிக்கவும் வேண்டாம். நிலத்தில் பிளாஸ்ரிக் விரித்து, தண்ணீர் தெளித்து, ஈரமாகவே தேய்க்கவும். தூசிக்கான 'பி2' தரத்து முகக்கவசம் அணியவும். இவ்வளவும் ஈயம் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த கூட்டுக்கு மட்டும்தான்.

4. தண்ணீரில் கரையும், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களுக்கான தராதரத்துக்கு ஏற்றது என்று டின்னில் எழுதியுள்ள பெயின்றை வாங்கவும். கறள் தடுக்கும் பெயின்ற், காருக்கு அடிக்கும் இரண்டு கலவைப் பெயின்ற் இவற்றைத் தொடவேண்டாம். இரண்டாவது வகையில் உள்ள ஐசோசயனேற் அடிப்பவருக்கே ஆஸ்மாவை உண்டாக்கக்கூடியது.

5. தொட்டால் ஒட்டாதது வேறு, உள்ளே முற்றாக இறுகியது வேறு. முன்னதற்கு மணித்தியாலங்கள், பின்னதற்குக் கிழமைகள். மூன்று, நான்கு கிழமையாவது காற்றுப்படும் இடத்தில் வைத்து, மணம் முழுவதும் போனபிறகு கழுவித் துடைத்துப் பறவையை விடுங்கள்.

6. பழைய உடுப்பில் வேலை செய்து, அதைத் தனியாகத் தோயுங்கள். கை கழுவாமல் தேத்தண்ணி குடிக்கவேண்டாம். தூளைத் தும்புத்தடியாலோ சாதாரண வக்யூமாலோ எடுக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஹாட்வெயார் கடைகளில் ஈயத்தைச் சோதிக்கும் குச்சிகள் விற்கிறார்கள். நிறம் மாறினால் கூட்டை விட்டுவிடுங்கள். மாறாவிட்டால் அதை மட்டும் நம்பவேண்டாம், அடிப்படையில் உள்ள பூச்சை அது தவறவிடக்கூடும். ஆய்வுகூடத்துக்குப் பெயின்ற் துண்டை அனுப்புவதே நிச்சயம். ஒரு பழங்கூட்டுக்காக அவ்வளவு செலவழிப்பதா என்றால், அதுதான் நாங்களும் கேட்பது.

சிக்கனம் பற்றி

ஒன்றையும் எறியாமல் திருத்திப் பாவிக்கும் பழக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்தப் பழக்கம்தான் எங்களைக் கரை சேர்த்தது. மரமேசையைத் தூக்கிவாருங்கள், புத்தகங்களைத் தூக்கிவாருங்கள். ஆனால் அகதியாக வந்த காலத்தில் எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று பெரும்பாலான வீடுகளில் வழி இருக்கிறது. பழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. நேரத்தைப் போக்க ஒரு வேலை வேண்டும் என்றுதான் பல அப்பப்பாமார் கராஜுக்குள் போகிறார்கள். அவர்களைத் தடுக்கவேண்டாம். தேய்க்கத் தேவையில்லாத வேலையைக் கொடுங்கள். நல்ல மரத்தடியில் ஊஞ்சல் செய்யட்டும், கூட்டுக்குள் வைக்கப் பழமரக் கிளை வெட்டட்டும்.

சந்தேகமான கூட்டைத் திரும்பவும் தெருவோரத்தில் வைக்காதீர்கள். நேற்று வந்திறங்கிய இன்னொரு குடும்பம் அதைத் தூக்கிப்போகும். உங்கள் கவுன்சிலின் கழிவு நிலையத்தில் சொல்லி ஒப்படையுங்கள். நாங்கள் அன்று செய்த பிழைகளில் மனம் ஆறாத ஒன்று இதுதான்: அந்தக் கூட்டை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். மறுநாள் காலையில் அது இருக்கவில்லை.

எங்கள் வைத்தியர் சமூகத்துக்கும் ஒரு குறை சொல்லவேண்டும். "என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன குளிசை எடுக்கிறீர்கள்" என்று கேட்கிறோம். "வீட்டில் எதையாவது சுரண்டினீர்களா, தேய்த்தீர்களா" என்று கேட்பதில்லை. நாங்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அண்மையில் பழைய பெயின்றைத் தேய்த்த வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால், குடும்ப வைத்தியரிடம் போய் ஈயத்துக்கான குருதிப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. வைத்தியரின் வீட்டிலேயே நடந்த விடயம்.

பிள்ளை பெயின்றையோ தூளையோ விழுங்கியதாகச் சந்தேகமிருந்தால் அவுஸ்திரேலியாவில் எந்த இடத்திலிருந்தும் எந்த நேரத்திலும் 13 11 26 என்ற நச்சுத் தகவல் நிலைய இலக்கத்தை அழைக்கலாம். மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் உடனே 000. பறவை சொண்டைத் திறந்து மூச்சுவிட்டால், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஆடினால், கூட்டின் அடியில் போய் ஒடுங்கினால், காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றி, அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பிறகு திரும்பி வந்து, அதே வீட்டில் அதே காற்றைச் சுவாசிக்கும் உங்கள் பிள்ளையையும் ஒருமுறை பாருங்கள்.